பூல் பந்தயத்திற்கு எத்துணை நேரம் தகும்?

அமெரிக்காவில் வளர்ந்த 'ஸ்டிரெயிட் பூல்' என்னும் மேசைப் பந்தாட்டத்தில், குழியில் வீழ்த்தும் பந்து ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. 14 பந்துகள் வீழ்ந்ததும் அவற்றை மீண்டும் அடுக்கி, எஞ்சிய ஒன்றைக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்வர். 150 புள்ளிகளை முந்தி எய்தியவரே வென்றவர் என்பது பெரும்பந்தயங்களின் வழக்கு.

1954-இல் ஒஹையோ மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் வில்லி மாஸ்கோனி என்பார் 526 பந்துகளைத் தவறாது வீழ்த்த இரண்டு மணிக்குச் சற்று மேலாகவே கொண்டார். அக்கணக்கில் 150-க்கு நாற்பது நிமிஷமும் வேண்டுவதில்லை. ஆயினும், எதிரி அடிக்கவொண்ணாதபடி பந்தை மறைத்து நிறுத்தும் தற்காப்பாட்டம் பொழுதை விழுங்கும். அதனை நாம் குறைகூறோம். ஆட்டத்தின் நுட்பமே அதில்தான் உள்ளது. எளிய பந்தொன்றின் முன் மேசையைப் பன்முறை வலம்வந்து, கோல்நுனியில் சுண்ணம் தேய்த்து நிற்பதையோ பொறுக்கமாட்டோம். வல்லார் இருவர்க்கு இரண்டு மணி போதும். பழகுவோர் 50 புள்ளிகளுக்கே ஆடுக; கடிகாரத்தைக் காட்டி அவரை விரட்டுதல் முறையன்று.