வாட்ஸ்அப் இருக்கே, எஸ்எம்எஸ் எதுக்கு?

“வாட்ஸ்அப் இருக்கே, எஸ்எம்எஸ்சுக்கு வேற காசு கொடுக்கணுமா?” என்று நினைக்கிறீர்களா? பேசவும் படம் அனுப்பவும் செயலியே போதும். எஸ்எம்எஸ்ஸில் தமிழில் எழுதினால் 70 குறியீடுகளைத் தாண்டியதுமே இரண்டு மெசேஜாகக் கணக்காகிவிடும்.

ஆனால் எஸ்எம்எஸ் வசதியை அடியோடு விட்டுவிடாதீர்கள். காரணங்கள் மூன்று:

1. செயலிக்கு இணையம் வேண்டும், எஸ்எம்எஸ்சுக்கு வேண்டாம்.
2. வங்கி, அரசுச் சேவைகளின் ஓடிபி பெரும்பாலும் எஸ்எம்எஸ்ஸாகவே வருகிறது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்.
3. புது போனில் யுபிஐ செயலியைப் பதிவு செய்ய, வங்கியில் பதிந்த எண்ணின் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். நம்பர் மாறாமல் வேறு நிறுவனத்துக்கு மாறவும் 1900-க்கு எஸ்எம்எஸ்தான் அனுப்ப வேண்டும்.

ஆகவே, ரீசார்ஜ் செய்யும் முன் அந்த பேக்கில் எஸ்எம்எஸ் இருக்கான்னு ஒருமுறை பாருங்க.