பழைய பட்டடையின் காலத்தையும் செய்தவரையும் அறிதல்

உழவருக்குக் கொழுவும் அரிவாளும், நெசவாளருக்குத் தறியின் இரும்பு உறுப்புகளும் செப்பனிட்டுத் தருபவர் கொல்லர். அவர் தொழிலுக்கு மூலதனம் பட்டடை. திருக்குறளில் கூடா நட்பு அதிகாரத்திலேயே ஆளப்பட்ட பழஞ்சொல் இது. அடைகல் என்று வழங்குவோரும் உண்டு.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. மூடிய உலைக்களங்களின் பட்டடைகள் பழைய இரும்பாக எடைக்குப் போகின்றன. இருப்புப் பதிவேட்டில் ‘இரும்புக் கட்டி ஒன்று’ என எழுதி முடிக்கும் வழக்கமும் உண்டு. பொருள் இன்னதென்று அறியாமல் விலை மதிப்பது எங்ஙனம்? ஆகவே, பட்டடையை ஆராயும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

முதலாவது, துலக்குதல். கம்பித் தூரிகையால் துருவை மெல்ல நீக்கி, பக்கங்களில் சுண்ணக்கட்டித் தூளைத் தேய்த்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். மங்கிய எழுத்துகள் புலப்படும். தாளை மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியும் எடுத்துக்கொள்ளலாம். சாணை பிடிக்கும் எந்திரத்தை மட்டும் அருகில் கொண்டுவரலாகாது. எழுத்தும் அழியும், முகத்தின் கெட்டியான எஃகும் தேயும்.

இரண்டாவது, எடைக்குறி. ஆங்கிலப் பட்டடைகளின் பக்கத்தில் மூன்று எண்கள் இடைவெளி விட்டுப் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் அந்தர். ஓர் அந்தர் 112 ராத்தல். நடு எண் கால் அந்தர், அதாவது 28 ராத்தல். கடைசி எண் தனி ராத்தல். 1–2–14 என்றிருந்தால் 112, 56, 14 ஆகியவற்றைக் கூட்ட 182 ராத்தல். ஏறத்தாழ 82½ கிலோ. இம்முறையில் நடு எண் 3-ஐயும், கடைசி எண் 27-ஐயும் தாண்டாது. தாண்டினால் அது வேறு குறி என்று கொள்க. நம் நாட்டில் மெட்ரிக் எடை 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. எனவே, இந்தியப் பட்டடையில் கிலோக் கணக்கு இருப்பின், அது பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டதே.

மூன்றாவது, பெயரும் சின்னமும். பீட்டர் ரைட் என்ற பெயர் இங்கிலாந்தின் டட்லி நகரத்து உற்பத்தியைக் குறிக்கும். எலி உருவம் இருந்தால் ஷெப்பீல்டு நகரத்து மவுஸ்ஹோல் உலைக்களத்தது. இறக்குமதிப் பொருள்களில் உற்பத்தி நாட்டின் பெயர் வேண்டுமென 1890-இல் அமெரிக்கா சட்டம் செய்தது. ஆகவே ‘இங்கிலாந்து’ என்ற சொல் இருப்பின், பெரும்பாலும் அதன் பின்னர்ச் செய்யப்பட்டது எனலாம். அச்சொல் இல்லாமையால் மட்டும் பழையதென முடிவு கட்டலாகாது.

செய்தவர் குறி வேறு, உடையவர் குறி வேறு. எம்.எஸ்.எம்.ஆர். என்ற எழுத்துகள் மதராஸ், தென் மராட்டா ரயில்வேயைக் குறிப்பன. அப்பெயரில் அந்த ரயில்வே இயங்கியது 1908 முதல் 1951 வரை. பட்டடை அக்காலத்தில் அதன் உடைமையாக இருந்தது என்பதற்கே அது சான்று. செய்த ஆண்டுக்கு அன்று.

நான்காவது, தண்டவாளத் துண்டு. நம் ஊர்களில் இதையே பட்டடையாகக் கொண்டவர் பலர். தண்டவாளத்தின் நடுச்சுவரில் ஆலையின் பெயரும் உருட்டிய ஆண்டும் புடைத்து நிற்கும். டாட்டா ஆலையின் எஃகு உற்பத்தி 1912-இல் தொடங்கியது; பிலாய் ஆலையில் தண்டவாளம் உருட்டத் தொடங்கியது 1960-இல். அவற்றுக்கு முந்திய ஆண்டை ஒருவர் கூறினால் நம்புவதற்கில்லை. மேலும், அந்த ஆண்டு உருட்டிய ஆண்டே. பாதையில் கிடந்து தேய்ந்த பிறகே அது உலைக்களத்துக்கு வந்திருக்கும். இங்கு இன்னோர் எச்சரிக்கையும் தேவை. ரயில்வே உடைமையை முறையின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஏலத்தில் வாங்கிய ரசீது இருந்தால் பத்திரப்படுத்துக.

எழுத்தே இல்லாத பட்டடைகளும் பல. கொம்பில்லாமல் மரக்கட்டையில் பதித்த நாட்டுப் பட்டடைகளுக்குக் குடும்பத்தார் சொல்லும் செய்தியே சான்று. அதைக் கேட்டு, சொன்னவர் பெயருடன் எழுதிவைக்க வேண்டும்.

பயன் மதிப்பை அறியவும் எளிய வழியுண்டு. சிறு எஃகுக் குண்டை 10 அங்குல உயரத்திலிருந்து முகத்தின்மீது விடுக. 7, 8 அங்குலம் துள்ளினால் முகம் கெட்டியாக உள்ளது. சோர்ந்து விழுந்தால் முகம் மென்மையானது, அல்லது உள்ளே விரிசல் கண்டது. பல இடங்களில் சோதித்தே முடிவு செய்க.

இவ்விவரங்களைப் பதிவேட்டில் எழுதி, பென்சில் படியையும் இணைப்பது செயலாளர் கடமை. விற்க நேரிடும் உறுப்பினரும் இவற்றை அறிந்த பின்னரே விலை பேச வேண்டும். உழைக்கும் கருவிக்கு உடைந்த இரும்பின் விலையைப் பெறுவது, பரம்பரை முதலைக் கைநழுவ விடுவதாகும்.

பயிற்சி: 2–1–7 என்ற குறியுள்ள பட்டடையின் எடை என்ன? (விடை: 259 ராத்தல், ஏறத்தாழ 117½ கிலோ.)