பாடம்: சேவைக்கு எவ்வளவு சம்பளம்?



போன மாதம் பொன்னேரியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் மேலாளரின் சம்பளத்தை உயர்த்தும் தீர்மானம் வாசிக்கப்பட்டது. உடனே பழவேற்காடு பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா எழுந்தார். "கூடை தூக்கி மீன் வித்து மாசம் நூறு ரூபா சேமிக்கிறோம். சேவை செய்ய வந்தவங்களுக்கு எதுக்கும்மா இவ்வளவு சம்பளம்?" என்று கேட்டார்.

கும்மிடிப்பூண்டி அக்கா ஒருவர் விடவில்லை. "கணக்கு எழுதின பொண்ணு சிப்காட் கம்பெனிக்கு ஏன் போச்சு? அங்க சம்பளம் கூட. மூணு மாசம் நோட்டு எழுத ஆளில்லாம பேங்க் லோன் தள்ளிப்போச்சே, மறந்துட்டீங்களா?" என்றார்.

தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது. அதற்குள் நாம் எல்லோரும் இதைப் படித்துப் பேசிவிட வேண்டும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இதை எழுதுகிற நாங்களும் சம்பளம் வாங்குகிறவர்கள்தான். ஆகவே எங்கள் பேச்சை அப்படியே ஏற்க வேண்டாம்.

சம்பளம் வாங்காதவர்

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கினார். அவர் அங்கே சம்பளம் வாங்கவில்லை. அரசு வேலையில் ஓய்வு பெற்று வந்த பென்ஷனில் வாழ்ந்தார். பெரிய மனசுதான். ஆனால் பென்ஷன் இருந்ததால் அது முடிந்தது. வீட்டு வாடகையும் பிள்ளைகள் படிப்பும் இருக்கிற ஒரு பெண்ணிடம் "சும்மா செய்" என்று கேட்டால், வசதியுள்ளவர் மட்டும்தான் சேவைக்கு வர முடியும்.

சம்பளம் கொடுத்த உறுப்பினர்கள்

சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்தவர் வர்கீஸ் குரியன். 1949-ல் குஜராத்தின் ஆனந்த் ஊருக்குப் போனார். அங்கே பால் ஊற்றும் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தார். அதுதான் அமுல். "நான் விவசாயிகளின் ஊழியன்" என்பதே அவருடைய பெருமை. 1965-ல் தேசிய பால்வள வாரியம் வந்து அதன் தலைவரானபோதும், வாரியத்தில் அவர் சம்பளம் வாங்கவில்லை.

கிராம அமைப்புகளுக்கு நல்ல மேலாளர்களை உருவாக்க 1979-ல் ஆனந்தில் ஒரு கல்லூரியும் தொடங்கினார். அங்கே படித்த பலர் கூடுதல் சம்பளம் கிடைக்கிற கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். நம்ம கணக்குப் பொண்ணு கதைதான்!

எல்லை மீறினால்

அமெரிக்காவில் 'யுனைடெட் வே' என்ற பெரிய தொண்டு அமைப்பின் தலைவராக வில்லியம் அரமோனி 22 ஆண்டு இருந்தார். சம்பளமும் சலுகைகளும் சேர்த்து ஆண்டுக்கு 4 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு மேல் வாங்கியதும், அவர் செய்த ஆடம்பரச் செலவுகளும் 1992-ல் வெளியே வந்தன. பதவி விலகினார். பல ஊர்க் கிளைகள் தலைமைக்குக் கட்டும் சந்தாவை நிறுத்தின. அமைப்புப் பணத்தைச் சொந்தத்துக்குச் செலவழித்த குற்றத்துக்காக 1995-ல் அவருக்கு 7 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. சம்பளம் வாங்கியது குற்றம் என்று யாரும் தண்டிக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில் எல்லாம் சேர்ந்து வளர்ந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவு 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றது 2010-ம் ஆண்டுச் சட்டம். 2020-ல் அது 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளை, அறங்காவலருக்கோ அவர் உறவினருக்கோ நியாயத்துக்கு மேல் சம்பளம் கொடுத்தால் அந்தக் கூடுதல் தொகைக்கு விலக்கு கிடைக்காமல் போகலாம். இரண்டுமே எல்லைதான் வைக்கின்றன. சம்பளமே கூடாது என்று சொல்லவில்லை.

ஒரு கணக்கு

ஒரு கூட்டமைப்பில் 200 குழுக்கள், குழுவுக்கு 12 பேர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,400 உறுப்பினர்கள். மேலாளருக்கு மாதம் 12,000 ரூபாய் என்றால் ஆளுக்கு 5 ரூபாய். 24,000 என்றால் 10 ரூபாய். 60,000 என்றால் 25 ரூபாய், அதாவது மாதம் நூறு ரூபாய் சேமிக்கிறவரின் சேமிப்பில் கால் பங்கு! 5 ரூபாயும் 10 ரூபாயும் அதிகமா என்பதை, பதிலுக்கு நமக்கு என்ன வேலை நடக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

குழுக் கூட்டத்தில் பேச ஐந்து கேள்விகள்

1. சம்பளத்தை முடிவு செய்வது யார்? வாங்குகிறவரே முடிவு செய்கிறாரா?
2. மேலாளர் சம்பளம், கிராமம் கிராமமாக அலையும் களப்பணியாளர் சம்பளத்தைப் போல எத்தனை மடங்கு?
3. பயணப்படி, போன், வண்டிச் செலவு தனியாக எவ்வளவு?
4. இதே வேலைக்கு வெளியே என்ன கிடைக்கும்? இவர் போனால் நமக்கு என்ன நஷ்டம்?
5. ஆண்டறிக்கையில் இதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறதா? தணிக்கை நடந்ததா?

எங்கள் கருத்து இதுதான். குறைந்த சம்பளம் கொடுத்தால் அமைப்பு நேர்மையாக இருக்கும் என்பதும் தப்பு, கூடுதலாகக் கொடுத்தால் திறமை தானாக வரும் என்பதும் தப்பு. உறுப்பினருக்குத் தெரிந்து, உறுப்பினர் கை தூக்கிக் கொடுத்த சம்பளமே நியாயமான சம்பளம். மேலாளர் சம்பளத்தைக் கேட்க வெட்கப்படாதீர்கள். எங்கள் சம்பளத்தையும் கேளுங்கள், சொல்கிறோம்.

ஐந்து கேள்விக்கும் உங்கள் குழுவின் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டத்துக்கு மறக்காமல் கொண்டு வாருங்கள்.