முன்பாட்டும் பின்பாட்டும்

மார்கழி மாதத்து வைகறை. பனி இறங்கி வைக்கோற் போரெல்லாம் நனைந்திருக்கும். விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடைப்பட்ட சிற்றூர்களில் அவ்வேளையில் கோழியின் குரலுக்கு முன்னரே தாளத்தின் ஒலி எழும். அவ்வூர்கள் பலவற்றில் பசனைக் கோயில் தெரு என்றொரு தெரு இன்றும் உண்டு. பெயர் கோயிலாயினும், அது பெரும்பாலும் கோபுரமில்லாத சிறு கூடமே. சுவரில் இராமபிரான் திருவுருவப் படம். அதன் முன் ஒரு குத்துவிளக்கு. மூலையில் ஆர்மோனியப் பெட்டி, மிருதங்கம், சில இணைத் தாளங்கள். குழாத்தின் உடைமை இவ்வளவே.

பாட வருவோர் உழவர், கடைக்காரர், தச்சர், பள்ளிச் சிறுவர். இசையை முறையாகப் பயின்றவர் அவருள் ஒருவர் இருப்பினும் அது மிகுதி. ஆயினும் பாட்டுக் குலைவதில்லை. முன்பாட்டுக்காரர் ஓரடியைப் பாடுவார்; ஏனையோர் அதனை அவ்வாறே வாங்கிப் பின்பாட்டாகப் பாடுவர். ஏடு வேண்டா, எழுத்தறிவும் வேண்டா. செவியும் பொறுமையும் போதும். சில நாள் பின்வரிசையில் நின்ற சிறுவனுக்குப் பொருள் விளங்காவிடினும் பாட்டு மனத்திற் பதிந்துவிடும்.

திருப்பாவை 30 பாட்டு. நாளுக்கு ஒன்றாகப் பாடினால் மாதம் நிறையும். மார்கழி 29 நாளாக வரும் ஆண்டில் ஒரு நாள் இரண்டு பாட வேண்டும். தெருவெல்லாம் சுற்றி வந்தபின் கிடைக்கும் சூடான பொங்கலுக்காகவே எழுந்து வரும் சிறுவரும் உண்டு; அவரையும் எவரும் விலக்குவதில்லை.

தை பிறந்தால் அறுவடை; குழாம் கலையும். பங்குனி உத்திரத்தில் திண்டிவனத்தை அடுத்த மயிலம் மலைக்குக் காவடி செல்லும்போது மீண்டும் கூடும். அப்பொழுது திருப்புகழ் முழங்கும். ஆடியில் மணிலாக் கொட்டை விதைப்பு. அப்பெயரே இப்பகுதியார் நாவில் மல்லாட்டை ஆயிற்று. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நாமமிட்ட செம்புடன் வீடுதோறும் செல்வோர் பின்னே பாட்டும் செல்லும்.

நாட்குறிப்பில் அடங்காத அழைப்பு ஒன்றும் உண்டு. ஊரில் ஒருவர் இறந்தால், இரவு முழுதும் அவ்வீட்டு வாயிலில் பசனை நிகழும். ஒரு நாள் அவ்வீடு முன்பாட்டுக்காரர் வீடாகவே இருக்கும். அன்றிரவு முதலடியை எடுப்பவர் யார்?

இவ்வினா புதியதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் முதலாம் இராசராச சோழன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாடுதற்கு 48 பிடாரரையும், உடுக்கை வாசிப்பான் ஒருவனையும், கொட்டி மத்தளம் வாசிப்பான் ஒருவனையும், ஆக 50 பேரை அமர்த்தினான். திருப்பதியம் என்றது மூவர் தேவாரத்தை. அம்மூவரும் பாடிய தலங்களுள் ஒன்று விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர். பாடுவோர்க்கு நாடோறும் ஆளுக்கு முக்குறுணி நெல். குறுணி என்பது 8 நாழி. எனவே 24 நாழி. அரசன் நெல்லளந்ததோடு நில்லாமல் பின்வருவதையும் எண்ணினான். ஒருவர் இறந்தாலும் வேற்றூர் சென்றாலும் அவருடைய உறவினர் அவ்விடத்தில் நின்று பாட வேண்டும். உறவினர் தகுதியற்றவராயின் தக்கார் ஒருவரைக் கொண்டு பாடுவிக்க வேண்டும் என்று கல்லில் வெட்டுவித்தான். உறவு மட்டும் குரலைத் தாராது என்பதை அக்கல்வெட்டு அறிந்திருந்தது!

பசனைக் கோயிலில் அளக்க நெல் இல்லை. வெட்டிவைத்த கல்லும் இல்லை. வேலை தேடிச் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இளைஞர் சென்றுவிட்ட ஊர்களில் தாளங்கள் சுவரிலேயே தொங்குகின்றன. வேறு சில ஊர்களிலோ, பெரியவர் இல்லாத முதல் மார்கழியில், பொங்கலுக்கு வந்த சிறுவன் ஒருவன் முன்வரிசைக்குத் தள்ளப்படுகிறான். அச்சத்தால் அவன் சுருதியை மிக உயர்த்தி எடுக்கிறான். ஆர்மோனியக்காரர் விரலை மாற்றிக்கொள்கிறார். முதியோர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எட்டாத அச்சுருதியிலேயே அவ்வடியை வாங்கிப் பாடுகின்றனர்.