குழாய் நீரும் கரிக் கணக்கும்

பெங்களூரில் நம் வீட்டுக் குழாயில் வரும் காவிரி நீர் தானாக வருவதன்று. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரேகாடனஹள்ளியில் புறப்பட்டு, ஹாரோஹள்ளி, தாதகுணி வழியாக மூன்று கட்டங்களில் பம்புகளால் ஏற்றப்பட்டு, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏறி வருகிறது. இரயில்வேயில் நீரேற்று நிலையங்களைக் கவனித்த பழக்கத்தால், நான் இதை மின்சார யூனிட்டாகவே எண்ணிப் பார்க்கிறேன்.

பள்ளிப் பிள்ளைகளும் இக்கணக்கைப் போடலாம். ஆயிரம் லிட்டர் நீரின் எடை 1000 கிலோ. அதை 500 மீட்டர் உயர்த்த 49 லட்சம் ஜூல் வேண்டும். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல்; ஆகவே 1.36 யூனிட். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 70 சதவீதத் திறனுடன் ஓடுவதாகக் கொண்டால் சுமார் 2 யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆக, ஆயிரம் லிட்டருக்கு 1.4 கிலோ.

இனி சட்டத்துக்கு வருவோம். 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, கார்பன் கிரெடிட் வணிகத்துக்கு வழி வகுத்தது. வாயு வெளியீட்டுக்கு இலக்கு விதிக்கப்பட்டவை சிமெண்ட், அலுமினியம் போன்ற ஆலைகளே. குடிநீர் வாரியங்கள் அல்ல. ஆனால் வாரியம் வாங்கும் மின்சாரத்தைச் சட்டம் தொடுகிறது. மின் விநியோக நிறுவனங்கள் 2024-25-இல் 29.91 சதவீதமும், 2029-30-இல் 43.33 சதவீதமும் சூரியன், காற்று, நீர் முதலியவற்றின் மின்சாரத்தைப் பயன்படுத்த வேண்டும். எனவே பம்பை மாற்றாமலே கரிக் கணக்கு குறையும். 2022-இல் வந்த விதிகளின்படி, 100 கிலோவாட்டுக்கு மேல் தேவைப்படுவோர் பசுமை மின்சாரத்தை நேரடியாகவும் வாங்கலாம்.

ஆயினும் சூரியன் மாலையில் மறையும். குடிநீரை நிறுத்த முடியாது. ஆலை நஷ்டமென்றால் கதவடைக்கலாம், வாரியத்தால் இயலாது. செலவு கூடினால் அது கட்டணமாக நம்மிடமே வரும். 2014-க்குப்பின் 2025 ஏப்ரலில் பெங்களூரில் கட்டணம் உயர்ந்தபோது, மின்செலவும் காரணமாகச் சொல்லப்பட்டது. சிறு வாடகை வீட்டுக்காரருக்கு அது பாரமே.

ஆகவே என் கருத்து இது: ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட் என்ற அளவுகோலைக் குடிநீர் வாரியங்களுக்கும் சட்டம் வகுக்க வேண்டும். தேய்ந்த பம்பை மாற்றுவதும், பகலில் அதிகம் ஏற்றித் தேக்குவதும், கசிவை அடைப்பதும் அதனால் விரைவுபடும். 500 மீட்டர் ஏறி வந்தபின் கசிந்து போகும் ஒவ்வோர் ஆயிரம் லிட்டருடனும் 2 யூனிட் மண்ணுக்குள் போகிறது. நம் மாடித் தொட்டி வழிந்தாலும் கணக்கு அதுவே. மிதவை வால்வு சரியாக மூடுகிறதா என்று இந்த ஞாயிறன்றே பார்த்துவிடுங்கள்.