கேமரா வாங்கப் போகும் மாணவருக்கு

கல்வெட்டுக் களப்பயணம் செல்லும் வரலாற்றுத்துறை மாணவரும், சித்திரைத் திருவிழாவைப் படமெடுத்து வைக்க விழையும் நண்பரும் கடையில் கேட்கும் முதல் வினா, “எத்தனை மெகாபிக்சல்?” என்பதே. கடைக்காரரும் அதற்கே விடை கூறிப் பெட்டியைப் பிரிக்கிறார். இருபதாயிரம், முப்பதாயிரம் ரூபாயைச் சிறுகச் சிறுகச் சேர்த்தவர் அவ்வளவில் ஏமாந்து போவது கண்கூடு.

1975ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் உருவாக்கிய டிஜிட்டல் கேமராவில் இருந்தவை பத்தாயிரம் புள்ளிகளே. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள் ஆயின. இன்றோ 24 மெகாபிக்சல், அதாவது இரண்டு கோடியே நாற்பது இலட்சம் புள்ளிகள், எளிய கருவிகளிலும் கிடைக்கின்றன. ஆனால் பத்து அங்குல நீளத்தில் தெளிவான படம் அச்சிட 6 மெகாபிக்சலே போதும். நம் ஆண்டு மலரின் முழுப்பக்கத்திற்கும் அது போதும்.

அவ்வாறாயின் எதைப் பார்ப்பது? ஒளியை வாங்கும் சென்சாரின் பரப்பைப் பார்க்க வேண்டும். மழைநீர் பிடிக்க முற்றத்தில் செம்பை வைப்போமா, அண்டாவை வைப்போமா? சட்டைப்பைக் கேமராக்கள் பலவற்றில் சென்சார் ஏறத்தாழ 6 மில்லிமீட்டருக்கு 4½ மில்லிமீட்டர்தான். லென்சு மாற்றும் வகையைச் சார்ந்த ஏபிஎஸ்-சி கருவியில் அது சுமார் 23½க்கு 15½ மில்லிமீட்டர். பரப்பில் 13 மடங்கு! அழகர் ஆற்றில் இறங்கும் விடியற்பொழுதின் மங்கலில் இவ்வேற்றுமை தெரியும். சிறிய சென்சாரில் எடுத்த முகங்களில் மணல் தூவினாற்போல் புள்ளிகள் படியும்.

அடுத்தது லென்சு. கருவியுடன் தரும் 18-55 லென்சை 55இல் வைத்தால் அதன் திறப்பு பெரும்பாலும் எஃப் 5.6. 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்சோ அதனினும் ஒன்பது மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடுகிறது, விலையும் மிகுதியன்று. அலங்காநல்லூர்க் காளையின் பாய்ச்சலை விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் பிடிக்க நல்ல வெயில் உண்டு. அங்கே தேவைப்படுவது தொலைவை இழுக்கும் லென்சு. ஒரே லென்சு இரண்டுக்கும் ஆகாது என்பதை முன்பே உணர்தல் நலம். நிக்கானின் டி3000 வரிசை உடல்களில் குவிய மோட்டார் இல்லை. ஆகவே மோட்டார் உள்ள லென்சைக் கேட்டு வாங்குக.

நம் துறையினருக்கு ஒரு சொல். மாங்குளம் குன்றின் தமிழ்-பிராமி எழுத்துகளை 1882இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்தார். அவற்றில் நெடுஞ்செழியன் பெயரை 1965இல் ஐராவதம் மகாதேவன் படித்தார். இத்தகைய எழுத்தை நேர் ஒளியில் எடுத்தால் வெறும் பாறையே தெரியும். பக்கவாட்டில் ஒரு கைவிளக்கைத் தாழ்த்திப் பிடித்தால் கீறல்களில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். இதற்குக் கேமராவைவிட உறுதியான முக்காலியே முதன்மை. பணம் குறைந்தால் உடலின் விலையைக் குறைத்து முக்காலியை வாங்குங்கள்.

பழைய கருவி வாங்குவதில் இழிவொன்றுமில்லை. சிக்கனக்காரனுக்கு அதுவே வழி. தொடக்கநிலைக் கருவிகள் பலவற்றின் ஷட்டர் ஓரிலட்சம் முறை அளவில் இயங்கவல்லது. எத்தனை முறை இயங்கியுள்ளது என்பதைக் கேட்டறிக. லென்சை விளக்கொளியில் உயர்த்திப் பூஞ்சை படர்ந்துள்ளதா எனப் பாருங்கள். மூடியை மாட்டி ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால், கருமையில் மின்னும் பழுதான புள்ளிகள் தாமே வெளிப்படும். பிறகு கடையின் இருண்ட மூலையை ஐஎஸ்ஓ 3200இல் எடுத்து, அப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பின்னரே விலை பேசுங்கள்.