பொன்னேரும் ஐந்து அதிசாரங்களும்

கீழப்பாவூர் அடங்கிய பழைய நெல்லைச் சீமையின் ஊர்கள் பலவற்றில், சித்திரை முதல் நாளன்று உழவர்கள் ஒன்றுகூடி, எருதுகளைக் குளிப்பாட்டிப் பொட்டிட்டு, வரிசையாக ஏர் பூட்டி உழுவர். இதுவே பொன்னேர் பூட்டுதல்.

உழவைக் கற்பித்த ஆதிபகவனின் இலாஞ்சனம் காளை. ஆதலின் இவ்விழா நமக்கும் பாடமாகும். உழுதொழிலில் நேரும் இம்சையை இல்லறத்தார் முற்றும் விலக்க இயலாது. ஆயினும், தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல்.

தார்க்குச்சி இரண்டாவதையும், மூக்கணாங்கயிற்றுக்காக மூக்கைத் துளைத்தல் மூன்றாவதையும் நினைவூட்டும். உழுது முதிர்ந்த எருதை இறைச்சிக்கு விற்றலோ அதிசாரமன்று, விரதத்தையே முறிப்பதாம். பிறரைக் கொண்டு செய்வித்தலும் நம் வினையே.

ஒருநாள் இடும் பொட்டினும், எருதின் முதுமையில் நாம் இடும் ஒருபிடி வைக்கோலே உயர்ந்த அறம்.